எட்டு மணி நேரச் சாலை

ஜூன் 8, 2025, ஞாயிறு: கல்யாண் – நாக்பூர்

மும்பை–நாக்பூர் சம்ருத்தி மகாமார்க் என்ற விரைவுச் சாலையின் கடைசித் துண்டை, இகத்புரியிலிருந்து பிவண்டி பக்கத்து ஆமனே வரையான 76 கிலோமீட்டரை, போன வியாழக்கிழமைதான் திறந்தார்கள். 2022 டிசம்பரில் நாக்பூர்–ஷிர்டி, அப்புறம் பர்வீர், அப்புறம் இகத்புரி என்று தவணை முறையில் திறந்து ஒருவழியாக 701 கிலோமீட்டரும் சேர்ந்துவிட்டது. பதினாறு மணி நேரப் பயணம் இனி எட்டு மணி நேரம் என்று டிவியில் ஓயாமல் சொன்னார்கள். நாக்பூரில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் அந்த எட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "காலையில கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம்."

கூடவே என் அப்பாவும். எழுபத்து நாலு வயது, சர்க்கரை, அதோடு ப்ராஸ்டேட் மாத்திரை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கியே ஆக வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணக் கதை பாதிக்கு மேல் அதைச் சுற்றித்தான் போகும். முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே விடைபெறலாம்.

ஐந்தரைக்கு ஆமனேயில் ஏறினோம். முதல் ஒரு மணி நேரம் வாய் பிளந்துதான் உட்கார்ந்திருந்தேன். கசாரா மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் வாடை பிடித்த ஜனம் நாங்கள். இப்போது பள்ளத்தாக்குக்கு மேலே பாலம், மலைக்குள்ளே சுரங்கம். இகத்புரிச் சுரங்கம் மட்டும் ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர். வெளியே தூறல், உள்ளே வெள்ளை விளக்கு, மறுபடி வெளியே பச்சை மலை. பாலத்து ஓரத்தில் குடும்பம் குடும்பமாக வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டிக்குப் பேரன் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு நிற்கவைத்திருந்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டிகள் ஹாரன் அடித்து விலகின.

ஏழு மணிக்கு அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

ஒன்றுமே இல்லை. பெட்ரோல் பங்க் இல்லை, டீக்கடை இல்லை, மரம்கூட இல்லை. சாலை மேட்டில் போகிறது. ஓரத்தில் இரும்புத் தடுப்பு, அதைத் தாண்டினால் சரிவு, சரிவின் அடியில் மதில். மிருகமும் மனுஷனும் குறுக்கே வரக் கூடாது என்று போட்ட மதில்தான், நல்ல காரியம். உள்ளே இருக்கிறவன் வெளியே போகவும் வழியில்லை. கடைசியில் நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு ஓரம் கட்டி, இரண்டு கார் கதவுகளுக்கு நடுவே அப்பாவை நிற்கவைத்தோம். லாரி ஒன்று கடந்த காற்றில் அவர் வேட்டி பறந்தது. ஆண்பிள்ளை, பிழைத்துக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷிர்டி விலக்கைத் தாண்டி ஒரு பங்க் வந்தது. கழிவறை என்று பிளாஸ்டிக் டப்பா மூன்று வரிசையாக நின்றது. ஒன்றுக்குப் பூட்டு. இன்னொன்றில் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, அது இருந்த இடத்தில் ஓட்டைதான். உள்ளே குழாயைத் திருகினால் காற்று வந்தது. வெளியே நீல டிரம்மில் தண்ணீர், ஆயில் கேனைக் குறுக்கே அறுத்துச் செய்த மக்கு. ஷிர்டிக்குப் போய்த் திரும்பும் பஸ் ஒன்றிலிருந்து நாற்பது பெண்கள் அதே டப்பாவுக்கு வரிசையில். என் முறை வந்ததும் எனக்கு முன்னால் போய்வந்த அம்மாள் நகரவில்லை. கதவை வெளியிலிருந்து கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஜா, ஜா, மீ ஆஹே" என்றார். நான் வந்ததும் எனக்குப் பின்னால் இருந்தவளுக்கு நான் பிடித்தேன். அப்படியே ஒருவர் மாற்றி ஒருவர். தாழ்ப்பாளுக்கு நாற்பது கை.

டீ முப்பது ரூபாய். பொடியைக் கலக்கிய தண்ணீர். ஆறிப்போன வடா பாவ் நாற்பது. இதே விலைக்குக் கல்யாண் ஸ்டேஷன் வாசலில் மூன்று பேர் சாப்பிடலாம். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே 2002-இல் முழுசாகத் திறந்தது, நீளம் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே ஃபுட் மால் இருக்கிறது, கூட்டம் நெரியும், பிள்ளைகள் தொலையும். ஆனால் வயிற்றுக்கும் மற்றதற்கும் வழி உண்டு. அதே மாநிலம், அதைவிட ஏழு மடங்கு நீளச் சாலை, இருபது வருஷம் கழித்துக் கட்டியது. இதில் சாப்பாட்டு வசதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பத்தரைக்குச் சம்பாஜிநகரில் (நாம் படித்த அவுரங்காபாத்) விலகி இறங்கி, போஹாவும் மிசலும் சாப்பிட்டு மறுபடி ஏறுவதற்குள் ஐம்பது நிமிஷம் போயிற்று. ஓடிய தூரத்துக்குத்தான் சுங்கம், காருக்குக் கிலோமீட்டருக்கு 2.06 ரூபாய், அதனால் இறங்கி ஏறினால் பணம் நஷ்டமில்லை. நேரம்தான் நஷ்டம். நேரத்துக்காகத்தானே இந்தச் சாலை.

ஜால்னா தாண்டியதும் வெயில். கார் மீட்டர் 41 காட்டியது. நேர்கோடு. வெள்ளை கான்கிரீட், இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், விதைப்புக்கு மழை பார்த்துக் கிடக்கிற நிலம். திருப்பம் இல்லை, ஊர் இல்லை, மாடு இல்லை. டயர் ஓசை மட்டும் ஒரே சுருதியில். வீட்டுக்காரர் பேச்சு குறைந்தது. கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்டால் பதில் இரண்டு விநாடி கழித்து வந்தது. நாக்பூர் வி.என்.ஐ.டி. பொறியியல் கல்லூரி மாணவர்கள் இந்தச் சாலையை ஆராய்ந்து, ஒரே மாதிரியான ஓட்டத்தில் ஓட்டுநருக்கு வருகிற ஒருவித மயக்கத்தை விபத்துக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். 2023 ஜூலை 1 நள்ளிரவு தாண்டி, சிந்த்கேட் ராஜா பக்கம் நாக்பூரிலிருந்து புனே போன பஸ் மோதித் தீப்பிடித்து 25 பேர் போனார்கள். அந்த ஊர்ப் பலகையைத் தாண்டும்போது நான் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டேன். சிவாஜியின் தாய் ஜீஜாபாய் பிறந்த ஊர் அது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் இங்கே பலருக்கு அந்த பஸ்தான் நினைவுக்கு வருகிறது.

நாக்பூர் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தே முக்கால். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். ஃபாஸ்டேக்கில் மொத்தம் 1,445 ரூபாய் கழிந்திருந்தது.

ஜூன் 9, திங்கள்: நாக்பூர்

கிரகப்பிரவேசம் நல்லபடி நடந்தது. ஹோமப் புகையும் நாக்பூர் ஜூன் மாத வெயிலும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஐயருக்கே இரண்டு கிளாஸ் மோர் நடுவில் கொடுக்க வேண்டியிருந்தது.

காலையில் தெருமுனையில் தர்ரி போஹா, இருபத்தைந்து ரூபாய். அவலின் மேல் கொண்டைக்கடலைக் குழம்பை எண்ணெய் மிதக்க ஊற்றிக் கொடுக்கிறார்கள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மூக்கைத் துடைத்தார். அப்புறம் தட்டை நீட்டி இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

பந்தியில் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு. "நீங்க எத்தனை மணி நேரம்?" ஒருவர் ஏழரை என்றார். இன்னொருவர் ஏழு இருபது. யாரும் நம்பவில்லை, ஆனால் யாரும் மறுக்கவும் இல்லை. பெண்கள் பக்கத்தில் பேச்சு வேறு. நாத்தனார் ஆடிட் வேலையாக அடிக்கடி சம்பாஜிநகர் போய்வருகிறவள். "அண்ணி, நான் முதல் நாள் ராத்திரியோட தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுவேன்" என்றாள், ஏதோ விரதம் போல. வருஷத்தில் இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து மாத்திரை சாப்பிட்டாளாம். பக்கத்தில் இருந்த மராத்திக்காரப் பெண், ஒரு பேங்க் ஆபீசர், தலையாட்டினாள். அவளும் அப்படித்தான். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில், ஏசி காரில், தொண்டை காய உட்கார்ந்து போகிறார்கள் படித்த பெண்கள். அந்த ஏழு இருபதுக்காரரின் மனைவியும் பந்தியில் இருந்தாள். இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்: நாக்பூர் – லோனார்

திரும்பும்போது ஒரே மூச்சில் போவதில்லை என்று நானே அறிவித்துவிட்டேன். மேஹ்கரில் இறங்கி லோனாரில் தங்கல்.

வழியில் காட்டு விலங்குகள் கடக்க மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். சாலைக்கு மேலே மண் கொட்டி, செடி வைத்து, சத்தம் போகாமல் இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து, மான்கள் தங்கள் பாட்டுக்குப் போகட்டும் என்று. டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தாரைக் கேட்டுச் செய்தது. உண்மையிலேயே அழகு. மானுக்குச் செய்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மானைக் கேட்ட மாதிரி யாராவது ஒரு லாரி டிரைவரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

காரஞ்சா தாண்டி ஓர் இடத்தில் மதிலில் ஒரு பலகை பெயர்ந்திருந்தது. அந்தச் சந்தில் ஒரு பாட்டி. தலைக்கு மேல் சேலைத் தலைப்பு, பக்கத்தில் ஈரச் சாக்கு சுற்றிய பானை. மோர். முன்னால் ஏற்கெனவே இரண்டு வண்டி நின்றது. பத்து ரூபாய்க்கு எவர்சில்வர் டம்ளர் நிறைய, சீரகமும் கல்லுப்பும் போட்டு. நான் இரண்டு குடித்தேன். அவர் நிலத்தில் ஒரு பகுதி இந்தச் சாலைக்குப் போனதாம், நல்ல பணம் கொடுத்தார்களாம், மகன் டிராக்டர் வாங்கினானாம். "சாலையால் ஊருக்கு வியாபாரம் வந்ததா?" என்று வீட்டுக்காரர் தன் மராத்தியில் கேட்டார். பாட்டி மதில் பெயர்ந்த அந்த இடுக்கைக் காட்டினார். "இத்னாச்" என்றார், இவ்வளவுதான். ரோந்து வண்டி வந்தால் பானையைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாராம்.

லோனாரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். விண்கல் விழுந்து குடைந்த பள்ளம், எரிமலைப் பாறையில், கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர் குறுக்களவு. நடுவில் காரம் மிகுந்த ஏரி. 2020 ஜூனில் திடீரென்று இளஞ்சிவப்பாக மாறியது இதுதான், உப்பில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை என்று பிறகு சொன்னார்கள். நாங்கள் போனபோது பாசிப்பச்சை. அப்பா விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். நான் கீழே பாதி வரை இறங்கிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினேன்.

ராத்திரி மேஹ்கர் சாலை தாபாவில் ஜுன்கா, ஜோள பாக்ரி, பச்சை மிளகாய்த் தேச்சா, உடைத்த வெங்காயம். தட்டு நூற்றிருபது. கட்டிலில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டோம். பின்னால் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு டிரைவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார்கள். இது பழைய சாலை.

ஜூன் 11, புதன்: லோனார் – கல்யாண்

ஜால்னாவுக்கு முன்னால் பின்பக்க இடது டயர் போனது. வெடிக்கவில்லை, அந்த மட்டும் சாமி. 2023-இல் இந்தச் சாலையில் டயர் வெடித்து விபத்துகள் ஆனபோது, நுழைவாயிலிலேயே ஆர்டிஓ ஆட்கள் டயரைப் பார்த்து, தேய்ந்திருந்தால் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் டயர் புதுசு. ஏதோ இரும்புத் துண்டு.

ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. நட்டு அசையவில்லை. சர்வீஸில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்தார். கான்கிரீட் சூடு செருப்பு வழியாக ஏறியது. அப்பாவைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடை பிடித்து உட்காரவைத்தேன்.

முந்நூறு அடி முன்னால் ஒரு லாரி ஓரத்தில் நின்றிருந்தது. பின்னால் மூன்று கல்லும் ஒரு வேப்பங்கிளையும் வைத்திருந்தார்கள். நம்பர் பிளேட்டில் டி.என். 28. நாமக்கல்!

போய்ப் பார்த்தால் டிரைவர் லாரி நிழலில் சின்ன கேஸ் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தமிழில் கூப்பிட்டதும் கரண்டியோடு எழுந்துவிட்டார்.

"வாங்க அம்மணி. டயருங்களா? இருங்க, பைப் இருக்குது."

நாலடி இரும்புக் குழாயை ஸ்பேனர் பிடியில் செருகி, ஒரு தரம் அழுத்தினார். கீச்சென்று நட்டு விட்டது. பத்து நிமிஷத்தில் ஸ்டெப்னி ஏறிவிட்டது. பணம் கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார். "அய்யாவை வெயில்ல உக்கார வெச்சிருக்கறீங்களே, இங்க நெழல்ல கூட்டிட்டு வாங்க. ரசஞ்சோறுதான், சாப்பிடட்டும்." அப்பா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அலுமினியத் தட்டில் குழையச் சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம், ஊரிலிருந்து வந்த நார்த்தங்காய். மூன்று நாள் கழித்து அப்பா முகத்தில் உயிர் வந்தது.

ராய்ப்பூரில் கம்பி ஏற்றி பிவண்டிக்குப் போகிறாராம். நான் பிவண்டியில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள் என்றதும் பேச்சு வேறு திசைக்குப் போனது.

"பழைய ரோட்டுல, அமராவதி, அகோலா, மல்காப்பூர்னு வருவமுங்க. நேரம் ஆகும். ஆனா தாபாக்காரன் குளிக்கத் தண்ணி குடுப்பான், கட்டில் குடுப்பான். ஒரு சாப்பாடு சாப்பிட்டாப் போதும், ராத்திரி வண்டியை அவன் ஆளே பாத்துக்குவான். இங்க வண்டியை நிறுத்திட்டுக் கண்ணசந்தா டீசலைக் கழட்டீட்டுப் போயர்றானுங்க. தார்ப்பாயைக் கிழிச்சுப் பாக்கறானுங்க."

"அப்ப ஏன் இதுல வர்றீங்க?"

"ஓனர் ஜிபிஎஸ்ல பாத்துட்டிருக்கறாருங்க. டோலு அஞ்சாயிரத்துக்கு மேல கட்டறாரு, அப்ப நேரத்தக் கேப்பாருங்கல்ல? முன்னெல்லாம் கிளீனர் இருப்பான், பேசிட்டு வருவான். இப்ப ஒத்தை டிரைவர்தானுங்க."

1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்கு அப்புறம் அரை மணி ஓய்வு கொடு என்றது (2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த சட்டம்). எங்கள் ஆபீஸ் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, மஞ்சளேறிப்போய். தேசிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்றாக இளைப்பாறும் இடம் வேண்டும் என்று மத்திய அரசின் கொள்கையும் இருக்கிறது. இது மாநிலத்தின் சாலை. டிரைவருக்கு இரண்டும் ஒன்றுதான், தூக்கம் வந்தால் வரும்.

அப்போதுதான் ரோந்து ஜீப் வந்தது. இறங்கின இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். இங்கே நிற்கக் கூடாது, பின்னால் வருகிற வண்டி மோதிவிடும் என்றான். அவன் சொல்வது தப்பில்லை. 2023 அக்டோபரில் வைஜாப்பூர் பக்கம் ராத்திரியில் லாரியின் பின்னால் வேன் மோதி 12 பேர் செத்தார்கள், தர்காவுக்குப் போய்த் திரும்பியவர்கள். டிரைவர் தன் இந்தியில் அவனிடம், "சரி சார், எங்க நிக்கட்டும்?" என்று கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்து, முன்னால் ஒரு பங்க் வரும் என்றான். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதற்குக் கையை முன்னால் நீட்டினான், அவ்வளவுதான்.

டிரைவர் சட்டியைக் கழுவி, கல்லை எடுத்து ஓரமாகப் போட்டு, வேப்பங்கிளையை மட்டும் பத்திரமாகக் கேபினில் செருகிக்கொண்டார். அடுத்த தடவைக்கு. ஏறும்போது சிரித்தார். "வர்ற அக்டோபர்லருந்து புது வண்டிக்கெல்லாம் கேபின்ல ஏசி கட்டாயமாமுங்க அம்மணி. நல்லதுதான். குளுகுளுன்னு உக்காந்து அடக்கிட்டு வரலாம்."

ரோந்து இளைஞன் சொன்ன அந்தப் பங்க் எங்களுக்கு அரை மணி நேரம் கழித்து வந்தது. வாசலிலிருந்து வெளியே வரை லாரி வரிசை. உள்ளே இடமில்லாமல் ஓரத்திலேயே நின்றிருந்தன, நாற்பதோ ஐம்பதோ. பஞ்சர் கடை மூடியிருந்தது. ஆள் சாப்பிடப் போயிருக்கிறான் என்றார்கள். எங்கே போயிருப்பான் என்று எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஸ்டெப்னி இல்லாமல் அப்படியே ஓட்டிச் சம்பாஜிநகரில் இறங்கி ஒட்டினோம். ஒட்டு நூற்றைம்பது ரூபாய், போக வர ஒன்றேகால் மணி நேரம்.

இகத்புரிச் சுரங்கத்தில் நுழையும்போது இருட்டிவிட்டது. வெளியே வந்தால் நல்ல மழை. கல்யாண் வீட்டுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வந்தோம். வீட்டுக்காரர் மொத்த நேரத்தை விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தார், நடுவில் நிறுத்திக்கொண்டார்.

அப்பா பாத்ரூமிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்து, தீபாவளிக்கு நாக்பூர் போக விதர்பா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடச் சொன்னார். கீழ் பெர்த். "கதவு பக்கத்துல இருக்கட்டும்மா, நாத்தம் அடிச்சாலும் பரவாயில்ல."